படத்துக்குப் பின்னால் ஒட்டிய சீட்டு

3-8-2025, ஞாயிறு

இந்த நோட்டை யார் எப்போது பிரித்தாலும் முதலில் என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து யானை மாதிரி வரும், பக்கத்திலேயே இன்னொன்று எறும்பு மாதிரி வரும். கோடு போட்ட நோட்டுதான். ஆனால் என் பென்சில் கோட்டை மதிப்பதில்லை. முப்பத்தாறு வருஷம் சுத்தியல் பிடித்த விரல், மெல்லப் பிடி என்றால் அதற்குப் புரியவில்லை.

என் பெயர் மண்ணாங்கட்டி. எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை என்று எமனை ஏமாற்ற வைத்த பெயர். ஏழு எழுத்து. வகுப்பில் முதல் மூன்று மாதம் இந்தப் பெயரோடுதான் மல்லுக்கு நின்றேன். வயது அறுபத்தெட்டு. மந்தைவெளியில் மகன் கருணாகரன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார் சந்திரிகா டீச்சர். போன தை மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் பார்த்து எழுத வேண்டாம், தேதி போட்டு மனதில் இருப்பதை எழுதுங்கள் என்று போன வாரம் சொன்னார்.

மனதில் இருப்பது இதுதான். சந்தோஷமாக இருக்கிறேன். இவ்வளவு எழுத ஒரு காலைப் பொழுது ஆகிவிட்டது.

6-8-2025

டிப்போ எதிரில் நின்ற பஸ்ஸின் பலகையை அது கிளம்புவதற்குள் முழுதாகப் படித்துவிட்டேன். இதுவரை நம்பரை மட்டும் பார்த்து ஏறியவன். அந்த டிரைவருக்கு ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது.

10-8-2025, ஞாயிறு

நான் பார்த்த வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

அடையாறு பக்கம் எங்கள் பல்கலைக்கழக அருங்காட்சியகம். 1981-ல் ஏணி தூக்கும் கூலியாளாகப் போனேன். அப்புறம் நிரந்தரம் ஆனது. படம் மாட்டுவது, இறக்குவது, துடைப்பது, சட்டம் அடிப்பது, கிடங்கில் அடுக்குவது. பார்க்க வருகிறவர்களுக்குப் படத்தின் முன்பக்கம் தெரியும். எனக்குப் பின்பக்கம் தெரியும். என்ன மரம், எத்தனை ஆணி, எந்த மூலையில் பூச்சி அரித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வரைந்தவர் யார், படத்தின் பெயர் என்ன, எந்த வருஷம். அதில் வருஷம் மட்டும் எனக்குத் தெரியும். எண் தெரிந்தவன், எழுத்து தெரியாதவன். படங்களுக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். கோபக்காரத் தாத்தா. மூன்று வாழைத்தார். அழுகிற குதிரை.

அதிகாரி பெயர் சொல்லி ஒரு படத்தைக் கேட்டால் எனக்கு எது என்று தெரியாது. என்னோடு வேலை பார்த்த ஹனீஃபா பக்கத்தில் வந்து காதோடு சொல்வான், “உன் அழுவுற குதிரையதான் கேக்குறாரு நைனா, போய் எட்துனு வா.” முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி ஓட்டினோம். ஒருவரிடமும் அவன் வாய் திறந்ததில்லை. அவனுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

14-8-2025, வியாழன்

தபாலில் ஒரு கார்டு வந்தது. என் பெயருக்கு வந்த தபாலை நானே படிப்பது இதுதான் முதல் முறை. கருணாகரனைத் தொடவே விடவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். அருங்காட்சியகத்திலிருந்து அழைப்பு. ‘ஓவியர் சுந்தரராமன் நூற்றாண்டுக் காட்சி. செப்டம்பர் 12.’

சுந்தரராமன் சார் பெரிய பேராசிரியர். 1991-ல் காலமாகிவிட்டார். என்னை வாடா போடா என்று உரிமையோடு கூப்பிட்டவர். ஓய்வு பெற்ற ஏணிக்காரனையும் நினைவு வைத்து அழைக்கிறார்களே என்று மனம் நிறைந்துபோனது.

கார்டின் மேல்பாதியில் வண்ணத்தில் ஒரு படம். சித்திரக்குளம். படிக்கட்டு, பாதித் தண்ணீர், ஏணியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். கீழே சின்ன எழுத்தில், ‘குளம். சுந்தரராமன், 1983.’

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை விரல் வைத்துப் படித்தேன்.

இது சார் வரைந்தது இல்லை. சாரிடம் படித்த நீரஜாம்மா வரைந்தது. ஏணியோடு உட்கார்ந்திருப்பது நான்.

15-8-2025

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாயில் கரையவில்லை. பெயர் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியும். மாற்றியது நான்தான்.

17-8-2025, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால் மூச்சு விடலாம்.

1983-ல் நீரஜாம்மா மூன்றாம் வருஷ மாணவி. மயிலாப்பூர்ப் பெண். குளக்கரையில் நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தார். பக்கத்திலேயே சாரும் உட்கார்ந்து அதே குளத்தை வரைந்தார். பலகைகளைச் சுமந்து போனதும், ஏணி வைத்து நிழலுக்குத் துணி கட்டியதும் நான். முடிந்ததும் சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். “இவ என்னைத் தோக்கடிச்சுட்டாடா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டு” என்றார். மாட்டினேன். இரண்டும் ஒரே அளவு. சார் எந்தப் படத்திலும் கையெழுத்துப் போடமாட்டார். அவரைப் பார்த்து அந்தப் பெண்ணும் போடவில்லை. பின்னாளில் கூடத்தில் மராமத்து வந்தபோது இரண்டும் கிடங்குக்குப் போயின.

2015 டிசம்பர். ஆற்றுத் தண்ணீர் கிடங்குக்குள் புகுந்து இடுப்பளவு நின்றது. ஹனீஃபா சைதாப்பேட்டையில் யார் வீட்டு மொட்டை மாடியிலோ மாட்டிக்கொண்டான். நானும் இரண்டு வாட்ச்மேன்களும் நாற்பத்துமூன்று படங்களை மாடிக்கு ஏற்றினோம். படங்கள் பிழைத்தன. பசை கரைந்து சீட்டுகள் மட்டும் தண்ணீரில் மிதந்தன. அள்ளிப் பக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து கயிற்றில் காயவைத்தேன். பதிவேடு கூழாகிவிட்டது. அப்போதிருந்த அதிகாரி நாலாம் நாள் வந்து பார்த்துவிட்டு, “எந்தச் சீட்டு எதுக்குன்னு உனக்குத்தான் தெரியுமே, ஒட்டிடுப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். ஹனீஃபா இன்னும் வேலைக்கு வந்து சேரவில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது சார். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என்னால் முடியவில்லையே.

வருஷத்தைப் பார்த்து ஒட்டினேன். கறையை, கிழிந்த மூலையை அடையாளம் பார்த்து ஒட்டினேன். நாற்பத்தொன்று சரியாக அமைந்தது. கடைசியில் இரண்டு குளமும் இரண்டு சீட்டும் மிஞ்சின. இரண்டிலும் 1983. ஒன்றில் நாலு வரி இருந்தது, இன்னொன்றில் இரண்டே வரி. நான் யோசித்தேன். சார் பெரிய மனிதர், பட்டம் பதவி எல்லாம் எழுதியிருப்பார்கள், நாலு வரி அவருக்குத்தான் இருக்கும். நேற்று வந்த பெண்ணுக்கு இரண்டு வரி போதாதா? அப்படியே ஒட்டினேன்.

தலைகீழாக நினைத்துவிட்டேன். சாருக்கு வெறும் பெயர் போதும், ஊருக்கே தெரியும். யார் என்று தெரியாத பெண்ணுக்குத்தான் மூன்றாம் ஆண்டு, ஓவியப் பிரிவு என்று நாலு வரி வேண்டியிருந்திருக்கிறது. நான் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் புதுப் பதிவேடு எழுதினார்கள். பதிவேட்டைப் பார்த்து இப்போது கார்டு அடித்திருக்கிறார்கள்.

18-8-2025, திங்கள்

வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு இசக்கியம்மாள். தூத்துக்குடிப் பக்கம். மகன்கள் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். கடை போர்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவே படிக்க வந்த அம்மா. “என்ன அண்ணாச்சி, மொகம் வாடிக் கெடக்கு, மருமக சோறு போடலியா?” என்று ஆரம்பித்தார். வேறு யாரோ ஒருவன் கதை மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் அவன் மானம் போகும், பென்ஷனில் கைவைப்பார்களோ என்றும் அவனுக்குப் பயம் என்றேன்.

கேட்டுவிட்டுச் சொன்னார், “படிக்கத் தெரியாம செஞ்சத மன்னிக்கலாம். இப்பம் படிக்கத் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தாம்னா, பெறவு அவன் எதுக்குப் படிச்சாம்?”

தன் ரப்பரை என் பக்கம் தள்ளினார். “அந்த ஆளுகிட்ட குடுங்க. அழிச்சிட்டு எழுதச் சொல்லுங்க.”

19-8-2025

முதலில் கருணாகரனிடம் சொன்னேன். அப்பா படிக்கத் தெரியாமல்தான் அத்தனை வருஷம் வேலை பார்த்தேன் என்று. கையெழுத்து திருந்தத்தான் வகுப்புக்குப் போகிறேன் என்றே அதுவரை அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே, “தெரியும்பா” என்றான்.

“எப்படிடா தெரியும்?”

“ஆறாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயில். சார் மார்க் போடாம, தோல்வின்னு சிவப்புல எழுதி வட்டம் போட்டுக் குடுத்தாரு. நீ வட்டத்தப் பாத்துட்டு சபாஷ்னு ஜிலேபி வாங்கிக் குடுத்த. அன்னிக்கே தெரியும்.”

முப்பது வருஷமாகத் தெரிந்தும் பிள்ளை ஒரு சொல் சொல்லவில்லை. என்னைச் சுற்றி எத்தனை பேர் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

20-8-2025, புதன்

போனேன். சட்டைப்பையில் இசக்கியம்மாளின் ரப்பர்.

இப்போது அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்வது ஷண்முகப்ரியா மேடம். சின்ன வயது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் மேஜையில் இருந்த ஒரு கட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார், “ஐயா, இந்த ஒரு படத்தைப் பத்தி மட்டும் பதினாறு பக்கம் எழுதியிருக்கேன். சாரோட பாணி மாறின இடம் இதுதான்னு. அதை நான் இப்ப என்ன பண்றது?”



ஞாபகம் ஒன்று போதாது, சாட்சி வேண்டும் என்றார். நியாயம்தானே. நான் சொன்னேன், படத்தைத் திருப்பிப் பாருங்கள். சாருடைய படத்துக்கு நம் வழக்கமான ஆணி இருக்கும். நீரஜாம்மா படத்துக்குச் சட்டம் அடித்த அன்று ஆணி தீர்ந்துவிட்டது. அடையாறு டிப்போ வாசலில் செருப்புத் தைக்கிறவரிடம் போய் வாங்கிவந்தோம். குட்டை ஆணி, தட்டைத் தலை. பதினான்கு அடித்தேன்.

மேடம் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். படத்தைத் திருப்புவதற்கு முன்னால் பழைய மாணவர் பட்டியலில் நம்பர் தேடி நீரஜாம்மாவுக்குப் போன் போட்டார். சத்தத்தை எனக்கும் கேட்கும்படி வைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உங்கள் குளம் படத்துக்குச் சட்டம் அடித்தது நினைவிருக்கிறதா?

அந்தப் பக்கத்திலிருந்து நீரஜாம்மாவின் குரல் வந்தது. 

“சட்டமா... அன்னிக்கு ஆணி தீர்ந்து போச்சு. ஏணி தூக்கிண்டு வருவாரே ஒருத்தர், அவரும் நானுமா செருப்பு தைக்கறவர்கிட்ட போய் வாங்கிண்டு வந்தோம். ஏன் கேக்கறேள்?”

மேடம் எழுந்தார். கிடங்குக்குப் போய் இருவருமாகப் படத்தைத் திருப்பினோம். பின் அட்டையைக் கழற்றினேன். மேடம் விரல் வைத்து எண்ணினார். பதினான்கு.

எழுந்து நின்று எனக்குக் கைகூப்பினார். நான் அல்லவா கும்பிட வேண்டும்? பென்ஷன் பற்றிக் கேட்டேன். “அதை யாரும் தொடமாட்டாங்க, நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க ஐயா” என்றார்.

21-8-2025

தூங்கினேன்.

24-8-2025, ஞாயிறு

ராஜா அண்ணாமலைபுரத்தில் நீரஜாம்மா வீடு. கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு மணியை அடித்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனால் பார்வை அதே பார்வை, எதையும் அளக்கிற பார்வை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அதன் பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று முழுதாகத் தெரிந்தது.

2018-ல் சாருடைய படங்களையும் பழைய மாணவர்களின் படங்களையும் காட்சிக்கு வைத்தார்களாம். வீட்டார் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் பெயருக்கு மேலே சாருடைய படம் இருந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் சார் பெயருக்கு மேலே இவருடைய படம். அதிகாரியிடம் சொன்னதற்கு, முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது அம்மா, மறந்திருப்பீர்கள், பதிவேடு பொய் சொல்லாது என்றிருக்கிறார்.

“செத்துப்போன குருவோட படத்தை என்னோடதுன்னு சொல்லிண்டு நின்னா பாக்கறவா என்ன நெனைப்பா? எங்காத்துல எல்லாரும் வயசாறது, மறதின்னா. நானும் நம்பிட்டேன். டாக்டர்கிட்ட போய் ஞாபக சக்திக்கு டெஸ்ட் எல்லாம் பண்ணிண்டேன். அன்னிக்கு பிரஷ்ஷைப் பரண்ல போட்டதுதான்.”

காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

“கோவம் வரலேன்னு சொல்லமாட்டேன்,” என்றார். “மியூசியத்துலேர்ந்து மறுபடி போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னா, அதுலேர்ந்து ரெண்டு நாளா வந்துண்டுதான் இருக்கு. ஆனா நீங்க அன்னிக்கு அந்தத் தண்ணியில எறங்கலேன்னா படமே கெடையாதே. இப்பவும் வாயைத் தொறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போறது? காபி ஆறறது, குடியுங்கோ.”

குடித்தேன். கிளம்பும்போது, எப்போதிலிருந்து படிக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, அவர் கலங்கவில்லை.

28-8-2025, வியாழன்

மேடம் போன் செய்தார். பாதிக் கார்டு தபாலில் போய்விட்டது. மீதியில் திருத்தம் ஒட்ட வேண்டும், வருகிறீர்களா என்றார். வராமல்? ஹனீஃபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ‘குளம். நீரஜா, 1983’ என்று அச்சடித்த சின்னச் சீட்டுகள். இருநூறு கார்டு.

“ஒவ்வொண்ணா படிச்சிட்டு ஒட்டு நைனா. இந்தவாட்டி சாக்கு சொல்றதுக்குத் தண்ணிகூட இல்ல” என்றான் ஹனீஃபா.

எல்லாம் ஒரே சீட்டுதான், தெரியும். இருந்தாலும் இருநூறையும் படித்துவிட்டே ஒட்டினேன். அவன் பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டான். இப்போது அவனைவிட என் கண் நன்றாகத் தெரிகிறது. முதல் தடவையாக அவனுக்கு நான் ஒரு வரி படித்துக் காட்டினேன்.  “பரவால்ல, திக்காமதான் படிக்கிற” என்றான்.

மேடம் பதினாறு பக்கத்தையும் கிழிக்கவில்லையாம். பெயரை மட்டும் மாற்றினால் முக்கால்வாசி அப்படியே நிற்கிறது என்கிறார். சாரைத் தோற்கடித்த மாணவி என்று புதிதாக ஒரு பக்கம் சேர்க்கிறார். அந்த வாக்கியம் நான் சொன்னது.

11-9-2025, வியாழன்

நாளை திறப்பு. இரண்டு குளத்தையும் நான்தான் மாட்ட வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். ஏணியில் ஏற மட்டும் விடவில்லை. கீழே நின்று வலது பக்கம் அரை விரல், இடது பக்கம் ஒரு நூல் என்று சொன்னேன். சார் கேட்டபடி பக்கத்தில் பக்கத்தில்.

மாட்டுவதற்கு முன்னால் பின்பக்கச் சீட்டு ஒட்ட வேண்டும். அச்சடித்தது தயாராக இருந்தது. நீரஜாம்மா அங்கே வந்திருந்தார். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெற்றுச் சீட்டை என் முன்னால் நகர்த்தினார். “நீங்களே எழுதுங்கோ” என்றார்.

என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும் அம்மா என்றேன்.

“முன்பக்கம் அவா அச்சடிச்சது இருக்கட்டும். பின்பக்கம் உங்களோடதுதானே?”

மூன்று சீட்டு வீணானது. நாலாவது தேறியது. நாலு வரி. நீரஜா. மூன்றாம் ஆண்டு, ஓவியப் பிரிவு. குளம். 1983. பேனாவால் எழுத வேண்டும் என்றார்கள், அழிக்க முடியாதபடி.  ஒட்டுவதற்கு முன்னால் மேடம் படிக்கவில்லை, ஹனீஃபாவும் படிக்கவில்லை. நான் ஒருவன் படித்தேன். போதும் என்று விட்டுவிட்டார்கள்.

12-9-2025

நல்ல கூட்டம். இசக்கியம்மாள் பட்டுப்புடவையில் வந்து, அங்கிருந்த பெயர்களை எல்லாம் சத்தம் போட்டுப் படித்தார்.

14-9-2025, ஞாயிறு

கால் வலி இன்றுதான் குறைந்தது. அன்று மூன்று மணி நேரம் அந்த இரண்டு படத்துக்கு எதிரிலேயே நின்றிருந்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் ஹனீஃபா, “அந்த ஏணிக்காரன் இவன்தான்” என்று காட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், தொப்பையைப் பார்ப்பார்கள், நம்பமாட்டார்கள்.

நீரஜாம்மா வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். பெயரைப் படித்துவிட்டு அவருடைய மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. அவர் அதை அதட்டி, “மொதல்ல படத்தைப் பாரு” என்றார்.

படத்தை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் சுவர் பக்கம் திரும்பியபடி என் எழுத்து இருக்கிறது. ஒன்று யானை, ஒன்று எறும்பு. யார் கண்ணிலும் படாது. எப்போதாவது படத்தை இறக்குகிற ஓர் ஆள், என்னைப் போல ஒருவன், பார்ப்பான். அவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று காலை நீரஜாம்மா போன் செய்தார். பரணிலிருந்து பிரஷ்ஷை இறக்கிவிட்டாராம். மயிர் எல்லாம் விறைத்துப் போயிருக்கிறதாம், புதிது வாங்க வேண்டும் என்றார். வருகிற சனிக்கிழமை காலை சித்திரக்குளம். பலகை தூக்க ஆள் இருக்கிறது, குடை பிடிக்கத்தான் ஆள் வேண்டும், வருவேளா என்று கேட்டார்.

இந்த முறை அவர் எதை வரைகிறார் என்று பார்த்துவிட்டு வந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இதே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதுகிறேன். பென்சிலை இப்போதே சீவி வைத்துவிட்டேன்.